தனபாக்கியமும் முகர்ந்து பார்க்கும் வாசலும்

ஒரு காட்டில் சிங்கராஜா ஒருவர் இருந்தார். அவருக்குக் குகை இருந்தது. குகைக்கு முன்னால் பெரிய குளம் இருந்தது. இரண்டையும் சுற்றிக் கருங்கல் மதில் இருந்தது. இவ்வளவும் போதாதென்று பயமும் இருந்தது.

ஒரு நாள் விடிந்ததும் அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் தூரத்தில் 'டமார்' என்று ஒரு சத்தம் கேட்டது. ராஜா துள்ளி எழுந்தார். அவருடைய வால் நுனி நடுங்கியதை இரண்டு அணில்கள் பார்த்தன. அந்த அணில்களை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

செயலாளர் கோதண்டத்தைக் கூப்பிட்டு அது என்ன சத்தம் என்று கேட்டார். கோதண்டம் ஒரு நரி. அது என்ன சத்தம் என்று கோதண்டத்துக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் செயலாளர்களுக்குக் கிடையாது. ஆகவே, ராஜாவை ஒழித்துக்கட்ட யாரோ வெடிமருந்தோடு உள்ளே வரப் பார்க்கிறார்கள் என்று சொல்லி, எங்கிருந்தோ ஒரு வாசலை வரவழைத்து மதிலில் பொருத்திவிட்டார்.

அது சாதாரண வாசல் அல்ல. உள்ளே நுழைந்து மஞ்சள் கோட்டின்மேல் நிற்க வேண்டும். நாலு பக்கத்திலிருந்தும் 'புஸ்'ஸென்று காற்று ஊதும். உடம்பில் ஒட்டியிருக்கிற தூசு தும்பெல்லாம், கண்ணுக்குத் தெரியாத துகள்கூட, பறந்துபோய்ப் பக்கத்துப் பெட்டிக்குள் விழும். பெட்டி அதை முகர்ந்து பார்க்கும். வெடிமருந்து இல்லையென்றால் பச்சை விளக்கு எரிந்து உள்கதவு தானாகத் திறக்கும். துளி இருந்தாலும் சிவப்பு எரியும், சங்கு ஊதும், கதவு அசையாது.

ராஜா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். யாராவது உத்தரவு போட்டால் கதவு திறக்குமா என்று கேட்டார். தாங்கள் உத்தரவிட்டால் திறக்கலாம் என்று கோதண்டம் குழைந்தார்.

"கூடாது. நானே வந்து சொன்னாலும் திறக்கக் கூடாது. என் குரலில் வேறு எவனாவது பேசுவான்" என்றார் ராஜா.

கோதண்டம் அதையே முதல் விதியாகப் பலகையில் எழுதி வாசலுக்கு மேல் மாட்டினார்.

அதுவரை அந்த வழியில் காவலுக்கு இருந்தவர் மாசிலாமணி என்ற செந்நாய். எந்த மான் எந்தப் புதரில் முந்தாநாள் தும்மியது என்பதை இன்றைக்கு முகர்ந்து சொல்கிற மூக்கு அவருடையது. அவரை ஒரு கல்லின்மேல் உட்காரவைத்து, விளக்கின் நிறத்தைப் பார்த்து நோட்டில் எழுதும் வேலையைக் கொடுத்தார்கள். பணி நேரத்தில் மூக்கை உபயோகிக்கக் கூடாது என்று தனியாக ஓர் உத்தரவும் வந்தது. நாய்க்குச் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே நிறமாகத்தான் தெரியும் என்பதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கதவு திறக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறத்தை எழுதிக்கொண்டார்.

சித்திரை பிறந்தது. ஓடை வற்றியது, சுனை வற்றியது. தண்ணீர் என்று இருந்தது ராஜாவின் குளம் மட்டும்தான். அதற்கு வழி என்று இருந்தது அந்த வாசல் மட்டும்தான்.

அந்தக் காட்டின் கிழக்கு ஓரத்தில் தனபாக்கியம் என்ற காட்டுப்பன்றி தன் ஏழு குட்டிகளோடு குடியிருந்தாள். அவள் கணவர், அடுத்த காட்டில் கிழங்கு நன்றாக இருக்கிறதாம் என்று பார்த்துவிட்டு வரப் போனவர், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏழையும் அவள் ஒருத்திதான் வளர்த்தாள். ஏழாவது பவுனு. பிறக்கும்போதே ஒரு பிடிதான் இருந்தது. மற்ற ஆறும் இடித்துத் தள்ளிக்கொண்டு பால் குடிக்கும்போது ஓரமாக நின்று பார்க்கிற குட்டி.

கிழக்கு ஓரத்தை ஒட்டி மனிதர்களின் கடலைத் தோட்டம். தோட்டத்துக்கு ஒரு வேலி. பன்றிகள் கடலையைத் தோண்டுகின்றன என்பதால் தோட்டக்காரர்கள் வேலி ஓரத்தில் அவுட்டுக்காய் வைப்பார்கள். வெடிமருந்தையும் கூழாங்கல்லையும் சேர்த்துக் கட்டி, மேலே மாவும் வெல்லமும் கருவாட்டுத் தூளும் பிசைந்து பூசி உருட்டிய உருண்டை அது. பார்க்க லட்டு மாதிரி இருக்கும், மணக்கவும் மணக்கும். கடித்தால் தலை இருக்காது. தனபாக்கியத்தின் அக்கா கடித்தாள். அது பழைய ராஜாவின் காலம். அந்தச் சத்தத்துக்கு எந்த ராஜாவும் எழுந்து உட்காரவில்லை. பன்றி செத்தால் குளத்துப் பக்கம் காது கேட்காது.

அன்றிலிருந்து தனபாக்கியம் ஒரு வேலையை வழக்கமாக்கிக்கொண்டாள். விடிந்ததும் குட்டிகள் எழுவதற்கு முன்னால் வேலி ஓரம் முழுக்க முகர்ந்துகொண்டே போவாள். கிடக்கிற உருண்டைகளை மூக்கு நுனியால் பூப்போல உருட்டி உருட்டிக் கொண்டுபோய், தூரத்தில் ஒரு பாழுங்கிணற்றில் தள்ளிவிடுவாள். பெரும்பாலும் சேற்றில் 'பொதக்' என்று விழும். எப்போதாவது ஒன்று கல்லில் பட்டு வெடிக்கும். தள்ளிவிட்டு வந்து குட்டிகளுக்குப் பால் கொடுப்பாள். வாசல் பெருக்குகிற மாதிரிதான். பெருக்காவிட்டால்தான் ஊர் கண்ணில் படும். பெருக்கினால் யார் கண்ணிலும் படாது.

அவள் முறைவாசல் செய்த அத்தனை வருஷத்தில் அந்தக் காட்டில் வேறு எந்தப் பிராணியும் ஓர் அவுட்டுக்காயைக் கண்ணால் கண்டதில்லை.

வாசல் திறந்த அன்று எல்லோரும் வரிசையில் நின்றார்கள். கான்வென்ட் பிள்ளைகள் ஜெபத்துக்குப் போவதுபோல ஒருவர் பின்னால் ஒருவர், பேசாமல். முதலில் சிறுத்தை போனார். பல்லிடுக்கில் வெள்ளாட்டு முடி தொங்கியது. 'புஸ்.' பச்சை. கழுதைப்புலி போனார். அவர் வாய் நாற்றத்தில் பின்னால் நின்ற மான் மயங்கி விழுந்து எழுந்தது. 'புஸ்.' பச்சை. கண்ணாடி விரியன் வளைந்து நெளிந்து போனார். பச்சை. பெட்டிக்கு அவர்களிடம் எந்தக் குறையும் தென்படவில்லை.

தனபாக்கியம் மஞ்சள் கோட்டில் நின்றாள். குட்டிகள் தாயோடுதான் போக வேண்டும் என்பது மூன்றாவது விதி என்பதால் ஏழும் அவள் காலடியில் நின்றன. 'புஸ்.' சிவப்பு. சங்கு ஊதியது.

வரிசை பத்தடி பின்னால் போனது. பக்கத்து வளையில் இருக்கும் முள்ளம்பன்றி எஸ்தர், நேற்றுக்கூட அவளிடம் கிழங்கு வாங்கித் தின்றவள், தனக்கு எப்போதுமே அவள்மேல் ஒரு சந்தேகம் இருந்ததாகப் பக்கத்தில் இருந்த முயலிடம் சொன்னாள்.

கோதண்டம் நோட்டோடு வந்தார். தனபாக்கியம் ஒளிக்கவில்லை. வேலி ஓரத்து உருண்டையைப் பற்றி, கிணற்றைப் பற்றி, வாசல் வைப்பதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் ஒன்று கல்லில் பட்டு வெடித்ததைப் பற்றி எல்லாம் சொன்னாள். வேண்டுமானால் வாருங்கள், நாளைக் காலையில் காட்டுகிறேன் என்றும் கூப்பிட்டாள்.

கோதண்டம் யோசித்தார். ராஜாவைத் துள்ளவைத்த சத்தம் ஒரு பன்றி வீட்டு வேலை செய்த சத்தம்தான் என்று போய்ச் சொன்னால், பிறகு இந்த வாசல் எதற்கு என்று ராஜா கேட்பார். அது நல்ல கேள்வி. நல்ல கேள்விகளை எழவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் செயலாளரின் வேலை.

"அப்படி ஒரு சாமான் வேலி ஓரத்துல கிடந்தா, இத்தனை வருஷத்துல ஒருத்தர் கண்ணுலயாவது பட்டிருக்காதா?" என்று கேட்டார்.

"நான் எடுத்துப் போட்டுடறேனே சார். அப்புறம் எப்படிக் கண்ணுல படும்?"

"யார் எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலை."

"பின்னே?"

தனபாக்கியம் காலடியில் நின்ற குட்டிகளைப் பார்த்தாள். கோதண்டம் நோட்டில் 'காரணம்: தெரியவில்லை' என்று எழுதினார். அதற்குக் கீழே 'பரிகாரம்: குளித்துவிட்டு வரவும்' என்று எழுதினார். பிறகு எட்டாம் எண் படிவத்தைக் கிழித்துக் கொடுத்தார். எப்போது குளித்தாள், எந்த நீர்நிலையில் குளித்தாள், சாட்சிகள் இருவர் பெயர் என்ன என்று அதில் கேட்டிருந்தது.

குளிக்கத் தண்ணீர் வாசலுக்கு உள்ளேதானே இருக்கிறது என்று அவள் கேட்டாள். அது நீர்வளம் சம்பந்தப்பட்ட விஷயம், நான் பாதுகாப்பு மட்டும்தான் என்று கோதண்டம் சொன்னார். உள்ளே போகிற எஸ்தரிடம், பவுனுக்கு மட்டும் ஓர் இலையில் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தாள். உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வரக் கூடாது என்பது நான்காவது விதி. இப்படி ஒரு விதி இருப்பது தெரிந்ததும் எஸ்தருக்கு முகம் தெளிந்துவிட்டது. அக்கா, நான் என்ன கொண்டுவர மாட்டேன் என்றா சொல்கிறேன், விதியல்லவா இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தனபாக்கியம் அன்று ஓடையின் மணலை இடுப்பளவு தோண்டினாள். கடைசியில் ஈரம் தட்டியது. ஏழு நாக்குகளும் மணலை நக்கின.

மறுநாள் சாம்பலில் புரண்டுவிட்டு வந்தாள். சிவப்பு. அதற்கு மறுநாள் வேப்பமரத்தில் மூக்கைத் தேய் தேய் என்று தேய்த்து, தோல் உரிந்து வந்து நின்றாள். சிவப்பு. அன்றைக்குத் திரும்பிப் போகும்போது பவுனு நடுவழியில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருடி என்றால் எழவில்லை. அழவும் இல்லை.

மாசிலாமணி கல்லிலிருந்து இறங்கிப் பின்னாலேயே வந்தார். அப்போது அவருக்கு உணவு இடைவேளை. பணி நேரம் அல்ல. அவள் மூக்கை ஒருமுறை முகர்ந்தார்.

"தனம், இது பழைய மருந்து இல்ல. இன்னைக்குக் காலையில ஒட்டினது. நீ தினம் துடைக்கிறே, தினம் போய்ப் பூசிக்கிறே."

"வேலி ஓரம் போகாம இருக்க முடியுமாண்ணே?"

"மூணு நாள் போகாதே. தானா உதிர்ந்துடும். பச்சை எரியும்."

"அதுவரைக்கும் அங்கே கிடக்குமே. யாராவது எடுத்துட்டா?"

மாசிலாமணி பவுனைப் பார்த்தார். தனபாக்கியமும் பார்த்தாள். அவர் கல்லுக்குத் திரும்பிப் போனார்.

மறுநாள் விடிந்தபோது தனபாக்கியத்தின் கால்கள் தாமாக எழுந்து வேலிப் பக்கம் நாலடி நடந்தன. அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்து படுக்க வைப்பது பெரிய பாடாக இருந்தது. வருஷக்கணக்கில் காலையில் எழுந்து வேலை பார்த்த உடம்புக்குச் சும்மா படுத்திருப்பது காய்ச்சல் மாதிரி இருந்தது. வெயில் ஏறுவதற்கு முன்னால் குட்டிகளைப் புல்மேட்டுக்குக் கூட்டிப்போய்ப் பனியை நக்கவைத்தாள். காட்டு வாழையைச் சாய்த்துத் தண்டைக் கடித்துத் துப்பி, சாற்றைப் பவுனின் வாயில் விட்டாள். மற்ற ஆறையும் வேலிப் பக்கம் தலை திருப்பக்கூட விடவில்லை. பவுனு இரண்டாம் நாள் கண்ணைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

அந்த மூன்று நாளும் வாசலில் சிவப்பே எரியவில்லை. எரியவைக்கிற ஒரே ஆள் வரவில்லை என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பயங்கரம் ஒழிந்தது என்று கோதண்டம் ராஜாவிடம் அறிக்கை கொடுத்தார். அடுத்த நாள் வெற்றி விழா என்று முடிவானது. மதிலுக்குள் கூட்டம் கூடக் கூடாது என்பதும் ஒரு விதியாக இருந்ததால், கிழக்கு ஓரத்து மைதானத்தில், தோட்டத்து வேலியை ஒட்டி இடம் பார்த்தார்கள்.

இடத்தைப் பார்க்கப் போன கோதண்டம், வேலி ஓரத்தில் உருண்டை உருண்டையாக லட்டு கிடப்பதைப் பார்த்தார். ஒன்றிரண்டு அல்ல, பதினாறு. வெல்லமும் கருவாடும் சேர்ந்து மணந்தது. ராஜாவின் புகழ் மனிதர்கள் வரைக்கும் போய்விட்டது, காணிக்கை வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குப் புல்லரித்தது. ஒன்றை வாயில் போட்டுக்கொள்ளத்தான் நினைத்தார். ராஜாவுக்கு முன்னால் சாப்பிட்டது தெரிந்தால் பதவி போய்விடும் என்ற ஒரே காரணத்தால் அவர் தலை தப்பியது. பதினாறையும் தேக்கிலையில் அடுக்கி, மேடைக்குப் பின்னால் ஒரு பாறைமேல் வைத்தார்.

விழா நாள் காலையில் வாசலில் ஆளே இல்லை. எல்லோரும் மைதானத்துக்குப் போயிருந்தார்கள். ராஜாவே பல வருஷங்களுக்குப் பிறகு மதிலைத் தாண்டி வெளியே போயிருந்தார். மாசிலாமணி மட்டும் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். தனபாக்கியம் பவுனை வாயில் கவ்விக்கொண்டு, ஆறையும் காலில் இடித்து நடத்திக்கொண்டு வந்து மஞ்சள் கோட்டில் நின்றாள்.

'புஸ்.'

எதுவும் ஊதவில்லை. கதவு திறந்தது. மாசிலாமணி நோட்டில் 'பச்சை' என்று எழுதினார்.

அவள் ஓடவில்லை. நடந்துதான் போனாள். ஆறும் குளத்தில் பாய்ந்தன. பவுனைத் தண்ணீர் ஓரத்தில் இறக்கி, மூக்கைத் தண்ணீரில் வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தண்ணீரில் ஒரு சின்னக் குமிழி வந்தது. இன்னொன்று வந்தது. பவுனு குடிக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் கிழக்கே 'டமார்' என்றது.

நடந்தது இவ்வளவுதான். வரவேற்புரை ஒன்றரை மணி நேரம் போனது. தேக்கிலை வெயிலில் சுருண்டது. ஓர் உருண்டை உருண்டு பாறையிலிருந்து கீழே விழுந்தது. அது வெடித்ததும் மற்ற பதினைந்தும் பாறைமேலேயே வெடித்தன. கோதண்டத்துக்கு வால் போயிற்று. விழாவில் எல்லோருக்கும் காட்டுவதற்காக அவர் எடுத்துப்போயிருந்த வாசலின் பழைய நோட்டு எரிந்துபோயிற்று. ராஜாவுக்கு ஒரு பக்கத்துப் பிடரி போயிற்று. மற்றபடி உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கூட்டத்தில் இருந்த ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோர்மேலும் கருமருந்து படிந்தது.

எல்லோரும் குளத்துக்கு ஓடிவந்தார்கள். முதலில் ராஜா மஞ்சள் கோட்டில் நின்றார். 'புஸ்.' சிவப்பு. சங்கு ஊதியது.

"நான்தான்" என்றார் ராஜா.

"தெரியுதுங்க ராஜா. நீங்களே வந்து சொன்னாலும் திறக்கக் கூடாதுன்னு போர்டுல இருக்குங்க" என்றார் மாசிலாமணி.

ராஜா பலகையைப் படித்தார். அதில் அவர் கையெழுத்து இருந்தது. சிறுத்தை நின்றார், சிவப்பு. எஸ்தர் நின்றாள், சிவப்பு. மான், முயல், கழுதைப்புலி, விரியன், எல்லோருக்கும் சிவப்பு. சங்கு ஊதி ஊதி அதற்கே தொண்டை கட்டிவிட்டது.

உள்கதவின் கம்பிக்குப் பின்னால், உடம்பு முழுக்கத் தண்ணீர் சொட்டத் தனபாக்கியம் நின்றுகொண்டிருந்தாள். ராஜா அவளிடம், ஒரு வாய் தண்ணீர் கொண்டுவந்து தன்மேல் ஊற்றும்படி கேட்டுக்கொண்டார். உள்ளே இருப்பதை வெளியே தரக் கூடாது என்று நான்காவது விதி சொல்வதாக அவள் பணிவோடு தெரிவித்தாள். குளித்துவிட்டு வந்தால் பச்சை எரியும் என்றும் சொன்னாள்.

"தண்ணி உள்ளே இருக்கு. வெளியே நின்னுக்கிட்டு எப்படிக் குளிக்கிறது?" என்று ராஜா கேட்டார்.

"அதைத்தாங்க நானும் கேட்டேன்" என்றாள் தனபாக்கியம். கோதண்டம் இல்லாத வாலைத் தேடித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

மூன்று நாள் பொறுத்தால் தானாக உதிர்ந்துவிடும் என்று அவளே வழியும் சொன்னாள்.

"மூணு நாள் தண்ணியில்லாம எப்படி உயிரோட இருக்கிறது?"

"இருக்கலாங்க. வாழைத்தண்டைக் கடிச்சுச் சாறு உறிஞ்சணும். விடியற்காலையில புல்லை நக்கணும். என்னோட ஏழும் இருந்துச்சுங்க." அவள் காலடியில் பவுனு படுத்திருந்தாள். வயிறு முட்டக் குடித்ததில் விக்கல் எடுத்துக்கொண்டிருந்தது. "இது மட்டும் கொஞ்சம் சிரமப்பட்டுச்சு."

மூன்று நாளும் ராஜா புல்லை நக்கினார். எஸ்தருக்கு வாழைத்தண்டு பிடிக்கவில்லை, இருந்தாலும் தின்றாள். நான்காம் நாள் எல்லோருக்கும் பச்சை எரிந்தது. ராஜா இடுப்பெலும்பு தெரிய உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டு, முதல் காரியமாகக் கோதண்டத்தை வேலையிலிருந்து நீக்கினார். வாசலை நீக்கவில்லை. அவ்வளவு பெரிய வெடிக்குப் பிறகு அதை எப்படி நீக்குவது? புதிய பாதுகாப்பு அதிகாரியாக, அந்த நாளில் துளி மருந்துகூடப் படாமல் இருந்த ஒரே குடும்பத்தலைவி என்று தனபாக்கியத்தை நியமித்தார். அவள் பெயரில் மூன்று சிவப்பு இருந்த நோட்டு எரிந்துபோயிருந்ததால் பழைய குற்றம் எதுவும் பதிவில் இல்லை. மதிலுக்குள்ளேயே, குளத்தை ஒட்டி வீடும் கொடுத்தார்கள்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வாரம், காலையில் அவள் வாசலில் வந்து உட்கார்ந்ததும் மாசிலாமணி கல்லிலிருந்து இறங்கி வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தனம், தோட்டத்து வேலி ஓரம் இன்னைக்கு ஒன்பது கிடக்கு. இங்கேயிருந்தே மூக்குல அடிக்குது."

தனபாக்கியம் கிழக்கே ஒருமுறை பார்த்தாள். அவளுக்கும் அடித்தது. பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"பணி நேரத்துல மூக்கை உபயோகிக்கக் கூடாதுண்ணே" என்றாள்.

நீதி: சுத்தமானவர் என்று பெயர் எடுக்க விரும்புகிறவர் எதையும் சுத்தம் செய்யக் கூடாது.